நாற்பத்தொரு பொன்னாடை

புருஷன் அல்போன்சைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போவதை லூர்து மேரி நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. கடைக்காரப் பெண் சேலையை விரித்துப் போட்டு விலை சொல்லத் தொடங்கும்போதே இவர் முந்தியைச் சுருட்டிக் கீழுதட்டில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். காய்ப்பேறிய விரல் பொய் சொல்லும், உதடு சொல்லாது என்பது அவர் கட்சி. "ஜரிகை முள்ளு மாதிரி நிக்கிது, வேணாம்" என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவார். பெண்ணின் முகம் செத்துப்போகும். சேலை உடுத்துகிறவளுக்கு இல்லாத அக்கறை இவருக்கு என்ன என்று வழியெல்லாம் லூர்து மேரி திட்டிக்கொண்டே வருவாள்.

பழக்கம் அப்படி. ஓசூரில் ஒரு கார் பாலிஷ் கடையில் ஒன்பது வருஷம் இருந்தவர். அந்தக் கடையில் துணிக்கென்றே கதவு போட்ட அலமாரி உண்டு. கழுவ ஒரு துணி, ஈரம் ஒற்ற ஒன்று, மெழுகு பூச ஒன்று, பூசியதை எடுக்க ஒன்று, சக்கரத்துக்குத் தனி. சக்கரத்துணி தவறிப்போய் பானெட்டைத் தொட்டால் அன்றைக்கு முழுக்க மேஸ்திரியிடம் வசவுதான். அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெண்டாட்டி முகம் பார்த்து ஒன்பது வருஷம் ஓட்டினார். லூர்து மேரிக்குக் காரிமங்கலம் பள்ளியிலேயே சத்துணவு வேலை நிரந்தரமானதும், போதும் என்று பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பத்துநான்கு வயதில் இனி அந்த அறைக்குத் திரும்புவதில்லை என்று சுவரில் இருக்கிற மாதா சொரூபத்தின் முன்னால் நின்று சொல்லியும் விட்டார்.

ஊரில் அவருக்குத் தெரிந்த வேலை கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. பைபாஸ் ஓரத்தில் சிவக்குமார் வைத்திருக்கும் வாட்டர் சர்வீஸ். சிவக்குமாருக்கு முப்பத்தொரு வயது, நல்ல பையன். அவனிடம் பாலிஷ் மெஷின் இருக்கிறது, நுரை பீய்ச்சுகிற துப்பாக்கி இருக்கிறது, பளபளவென்று போர்டு இருக்கிறது. துணி மட்டும் இல்லை. திருப்பூரிலிருந்து எடைக்கு வருகிற பனியன் வேஸ்ட் மூட்டைதான் அவனுக்குத் துணி. கழுத்துப்பட்டி, தையல் முடிச்சு, ரப்பர் எழுத்து, சில நாள் ஜிப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். திங்கள்கிழமை காலையில் அல்போன்ஸ் மூட்டையைப் பிரித்துக் கொட்டிக் கத்தரிக்கோலோடு உட்காருவார். அரைமூட்டை கழிவில் போகும். சிவக்குமார் தலையில் கை வைத்துக்கொள்வான்.

நல்ல துணி நாலு வாங்கிப் போடு தம்பி என்று அவர் கேட்காத வாரமில்லை. துணி துணிதானண்ணா என்பது அவன் பதில். ஒருமுறை மனமிரங்கி நாலு வாங்கி வந்தான். மைக்ரோஃபைபர், நீல நிறம், பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்தது. அல்போன்ஸ் லீவில் இருந்த ஒரே நாளில் அதை பனியன் வேஸ்ட்டோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு, பஞ்சு முழுக்க அப்பிக்கொள்ளும்படி செய்து, வேலியில் காயப்போட்டிருந்தான். வேலியோ கருவேலம். அதற்குப் பிறகு அவர் ஓசூரிலிருந்து கொண்டுவந்த தன்னுடைய மூன்று நீலத் துணிகளை டிபன் டப்பாவில் வைத்து வீட்டுக்கும் கடைக்கும் சுமக்கத் தொடங்கினார்.

தை பிறந்த மறுவாரம் கலைவாணன் சார் வந்தார். மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றவர். சிவக்குமாருக்கும் பாடம் எடுத்தவர். வாழ்க்கையிலேயே முதல் கார் வாங்கியிருந்தார், கன்னங்கரேல் என்று. மகள் தேவிப்பிரியாவுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பொம்மிடிக்குப் போய் சம்பந்தி வீட்டிலிருந்து பத்திரிகை வைக்க ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் வண்டி கண்ணாடி மாதிரி ஆக வேண்டும். சொல்லிவிட்டு பின்சீட்டிலிருந்து ஒரு பெரிய கட்டைப்பையை இறக்கினார்.

பை நிறையப் பொன்னாடை. ஓய்வுபெற்ற நாளில் போர்த்தியவை, நாற்பத்தொன்று. பீரோவில் இடம் அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம். உடுத்தவும் முடியாது, யாருக்காவது கொடுக்கவும் மனசு வரவில்லையாம்.

"பட்டு மாதிரி வழவழன்னு இருக்குது பாரு சிவா. என் வண்டிக்கு இதையே போடச் சொல்லு. மிச்சத்த நீயே வச்சுக்க."

சிவக்குமார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் மூட்டைச் செலவு மிச்சமான வெளிச்சம் அடித்ததை அல்போன்ஸ் பார்த்தார்.

சார் ஆட்டோ பிடித்துப் போனதும் ஒன்றை உருவி உதட்டில் வைத்தார். பாலியெஸ்டர். குறுக்கே ஓடிய ஜரிகை, சுரண்டுகிற நகம் மாதிரி இருந்தது. அவரிடம் ஒரு பழைய சிடி உண்டு, கோயில் திருவிழாவில் வாங்கிய பாட்டு சிடி. அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. இப்போது அது துணி சோதிக்கிற கருவி. பளபளப்பான பக்கத்தில் பாதியைப் பொன்னாடையால் நாலு தேய், மீதியைத் தன் நீலத் துணியால் நாலு தேய். வெயிலில் சாய்த்ததும் ஒரு பாதியில் சிலந்தி வலை பின்னியது, மறு பாதி அப்படியே இருந்தது.

சிவக்குமாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கறுப்பு வண்டியில் இதுவே வரும், நாலு துணி வாங்கிக் கொடு, இல்லையென்றால் இந்தப் பை வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிடு என்றார்.

"மரியாத பண்ணிப் போத்துன துணிண்ணா. அது கீறுதுன்னு நா எந்த வாயால அவருகிட்ட சொல்றது?"

"அப்ப நா சொல்றேன் தம்பி."

"நீங்க வாயே தொறக்க வேணாம். ஊருல பாதிப் பேரு சாருகிட்டப் படிச்சவங்க. அவுரு ஒரு வார்த்த நல்லா சொன்னா போதும், இங்க வண்டி நிக்க எடம் இருக்காது. இதுல ஒரு கோடு விழுந்துச்சு, கோவிச்சுக்காதீங்க, நீங்க வேற எடம் பாத்துக்கணும்."

வேற இடம் என்றால் ஓசூர். அந்த அறை, அந்தப் பொது பாத்ரூம், சனிக்கிழமை ராத்திரி நெரிசல் பஸ். துணியும் தர மாட்டான், சொல்லவும் விட மாட்டான், கோடு மட்டும் விழக் கூடாது. அல்போன்ஸ் டிபன் டப்பாவைத் திறந்து தன் துணி மூன்றையும் அலசிப் போட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் சார் வந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இதை அல்போன்ஸ் எதிர்பார்க்கவில்லை. வேறு வழி தெரியாமல் பச்சைப் பொன்னாடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டார், சார் கண்ணுக்கு. கையில் நீலத் துணி. உப்புத் தண்ணீர், வெயில் ஏறினால் பொட்டுப் பொட்டாகக் காய்ந்துவிடும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். சார் செல்போனில் யாருக்கோ பத்திரிகை வாசகம் வாசித்துக்கொண்டிருந்ததால் கையைக் கவனிக்கவில்லை. மெழுகு பூசி, காத்திருந்து, எடுத்தார். பதினொரு மணிக்கு பானெட்டில் எதிர்ப்புறத்து வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது. தோளில் இருந்ததைப் பைமேல் எறிந்துவிட்டு, துணியை அலசக் குழாயடிக்குப் போனார்.

கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று அந்த நேரத்தில்தான் பைபாஸிலிருந்து திரும்ப வேண்டுமா? பானெட் மேல் மாவு சலித்த மாதிரி தூசு இறங்கியது. சார் எழுந்தார். பையிலிருந்து மஞ்சள் பொன்னாடை ஒன்றை எடுத்தார். குளித்து வந்த குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி, வட்ட வட்டமாக, அன்பாக, பானெட் முழுக்கத் துடைத்தார். அல்போன்ஸ் ஈரக்கையோடு ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. மேசையருகே நின்ற சிவக்குமார் முழுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

சார் இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்தார். வெயில் நேராக விழுந்தது. வட்டத்துக்குள் வட்டமாகக் கீறல்.

"என்னப்பா இது? காலையில இல்லியே." அவர் கண் அல்போன்ஸ் கையில் நின்றது. "அந்த நீலத் துணி ஏது? நான் குடுத்ததுல அது இல்லியே."

அல்போன்ஸ் சிவக்குமாரைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், பார்த்தவன் அவன்தானே. சிவக்குமார் தொண்டையைச் செருமினான்.

"சார் குடுத்ததத்தானண்ணா போடச் சொன்னேன்."

மூன்று வருஷமாக அரைமூட்டை அரைமூட்டையாகக் கத்தரித்ததெல்லாம் மொத்தமாக நெஞ்சில் வந்து அடைத்தது அவருக்கு. போகிற வேலை போகட்டும், சொல்லாமல் போகக் கூடாது.

"சார், கோவிச்சுக்காதீங்க. காலைலேர்ந்து இந்த நீலத் துணியிலதாங்க தொடச்சேன். கோடு இல்லீங்க. நீங்க இப்பத் தொடச்சீங்க பாருங்க மஞ்சத் துணி, அதுலதாங்க விழுந்துச்சு."

சிவக்குமார் ஏதோ சொல்ல வந்தான். அல்போன்ஸ் அவனைத் தாண்டிப் போய் சிடியை எடுத்து வந்து வெயிலில் பிடித்தார். இந்தப் பாதி உங்கள் துணி, இந்தப் பாதி என் துணி என்றார். சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். மறுபடி சிடியை.

"எல்லாமே இப்படித்தானா?"

"பாத்துதாங்க சொல்லணும்."

பையை நாற்காலியில் கவிழ்த்தார் சார். அல்போன்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் வைத்தார். சார் ஒவ்வொன்றுக்கும் ஆள் சொன்னார். இது ஆசிரியர் சங்கம். இது பெற்றோர் கழகம். இது பேரூராட்சி. ஆளைக் கேட்டதும் அல்போன்சுக்குக் கை தயங்கியது, ஆனாலும் ஒவ்வொன்றையும் ஆகாத பக்கமே போட்டார். நாற்பத்தொன்றில் இரண்டு தேறின, பருத்தி, ஜரிகை இல்லாமல். அது இரண்டும் யார் கொடுத்தது என்று சாருக்கு நினைவில்லை. இரண்டையும் சாரே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கோடு போயிருமா?"

"மிஷின் போட்டா முக்காவாசி போயிருங்க. சாயங்காலம் ஆவும்."

சார் வீட்டுக்குப் போய்விட்டு ஐந்து மணிக்கு வந்தார். பானெட்டைச் சுற்றி வந்தார். தலையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்தால் மட்டும் இரண்டு வட்டம் தெரிந்தது. அதை அவரும் பார்த்தார், அல்போன்சும் பார்த்தார். நானேதான் துடைத்தேன் என்று அவர் சிவக்குமாரிடம் சொல்லுவார் என்று அல்போன்ஸ் காத்திருந்தார். சொல்லவில்லை. நல்லது என்று பொதுவாக ஒரு வார்த்தை, வண்டி கிளம்பிவிட்டது.

சார் முகத்துக்கு நேராகச் சொன்னது தப்பு என்றான் சிவக்குமார். இனி வருவாரோ மாட்டாரோ என்றான். அல்போன்ஸ் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, நான் வரட்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு தம்பி என்று கேட்டார்.

"யாரு வர வேணாம்னா? திங்கக்கெழம வாங்க." நாற்காலியில் கிடந்த முப்பத்தொன்பதையும் அள்ளிப் பையில் திணித்தான் அவன். "இத ஏண்ணா கழிச்சு ஒதுக்குனீங்க? கருப்பு வண்டிக்குத்தான ஆவாது. வெள்ள வண்டிக்குப் போடுங்க, அதுல ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுன்னா, விழலன்னு அர்த்தமா தம்பி?"

வெள்ளைக் கார் ஒன்று உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது; சிவக்குமார் கையைக் காட்டி அதை ரேம்ப் மேல் ஏற்றச் சொல்லிவிட்டு, ஒரு மெரூன் பொன்னாடையை உதறி அல்போன்ஸிடம் நீட்டினான். அல்போன்ஸ் வாங்கிக்கொண்டார். குனிந்து, முன்சக்கரத்தின் சேற்றில் அதை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.