அக்கா புளிக்க வைத்த அப்பிள் சாறு

கஹவத்தைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எங்கள் அக்கா, எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அப்பா காலமானபோது பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர் அவர். பிறகு என்னையும் தம்பியையும் படிக்க வைப்பதற்காக சைப்ரஸ் நாட்டுக்கு வீட்டு வேலைக்குச் சென்றார். அம்மா பாரிசவாதத்தில் விழுந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பி, இறுதிவரை அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டினார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அக்கா சைப்ரஸில் இருந்தது ஒரு மலைக்கிராமத்தில். வீட்டுக்காரம்மா தம் மரத்து அப்பிள்களில் சைடர் என்னும் இலேசான மது செய்வாராம். அந்தப் பழக்கம் அக்காவோடு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கும் வந்தது. அடிபட்ட அப்பிள்களை டவுனில் பழக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா அவருக்காக ஒதுக்கி வைப்பார். அக்கா அவற்றைத் துருவி, வெள்ளைத் துணியில் பிழிந்து, சாற்றைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றுவார். மூடியில் சொருகிய குழாயின் மறுமுனை தண்ணீரில் இருக்கும். சாறு புளிக்கத் தொடங்கியதும் தண்ணீரில் குமிழி கிளம்பும். வேலை முடிந்தால் அக்கா அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

“கசிப்பு காய்ச்சுறியாமே, புள்ள?” என்று, கள்ளச்சாராயமோ என்ற சந்தேகத்தில் கோயில் தலைவர் ஒருமுறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“அடுப்பே பத்த வைக்கலங்க. அது தானா பொங்குது. மோந்து பாருங்க,” என்றார் அக்கா.

முகர்ந்தவர், “பழ வாசமில்ல வருது!” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அக்காவுக்கு நோய் முற்றியிருந்த நேரத்தில், வீட்டுக்காரம்மாவின் மகள் வீடியோவில் அழைத்தார். அக்கா சொன்னபடி ஜாடியை நான் தூக்கிக் காட்டினேன். திரையில் வயதான வீட்டுக்காரம்மா கைதட்டினார். இருவரும் கிரேக்க மொழியில் ஏதோ பேசி விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படிச் சிரிக்கும் அக்காவை நாங்கள் பார்த்ததே இல்லை.

“என்னாக்கா சொன்னாங்க?”

“அப்பிள் மரமெல்லாம் பூத்திருக்காம் தங்கச்சி.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒருக்கா போய்ப் பாத்துட்டு வரணும்னு இருந்துச்சு.”

அதே வாரம் கண்மூடினார்.

மழையில் நனைந்தபடி அக்காவைத் தோளில் சுமந்த லயத்து உறவுகளுக்கும், இரத்தம் கொடுத்த சிங்கள நண்பர்களுக்கும், நானாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி. இந்த நினைவு மலரை அவரால் வாசிக்க முடியாது. ஆனாலும் இன்னமும் அழைக்கிறார். அக்காவின் பெயரைச் சொல்கிறார். பிறகு நிறையப் பேசுகிறார். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், அவர் பேசி முடிக்கும் வரை நானும் தம்பியும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.