மூன்று மாடியும் நாற்பது புறாக்களும்

பாலிகஞ்சில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. போன வருடம் மழைக்காலத்தில் நான் திடீரென்று ரொம்ப நல்ல மனிதனாகிவிட்டேன். மாடி ஏறும்போதெல்லாம் இரண்டாம் மாடி வங்காளி மாமி, மாஷிமாவின் வாசலில் நின்று, "இன்று என்ன மீன்?" என்று விசாரிப்பேன். நான் மீனைத் தொட்டதுகூடக் கிடையாது. விஷயம் என்னவென்றால், அதற்கு மேல் ஏற மூச்சு இல்லை. கடுகு அரைக்கும் பக்குவத்தை மாஷிமா சொல்லி முடிப்பதற்குள் மூச்சு திரும்பிவிடும். இலிஷ் மீன் என்றால் இன்னும் நல்லது, அந்தக் கதை நீளம்.

கூடவே வறட்டு இருமல். எனக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதென்று நானே முடிவு செய்து, மிளகும் அதிமதுரமும் போட்டுக் காலையும் மாலையும் கஷாயம் குடித்தேன். மாஷிமா ஒரே வரியில், "வேலூருக்குப் போ" என்றார். இந்த ஊரில் யார் தும்மினாலும் வேலூர் ஆஸ்பத்திரிக்குத்தான் டிக்கெட் எடுப்பார்கள். இங்கே வங்காளத்திலேயே பிறந்து வளர்ந்த நான் வேலூரைப் பார்த்ததே இல்லை. மாஷிமாவோ அது என் சித்தப்பா வீடு மாதிரி பேசுவார்.

கடைசியில் வேலூரே என்னிடம் வந்தது. பவானிபூரில் நான் பார்த்த நுரையீரல் டாக்டர் வங்காளி, ஆனால் அங்கே படித்தவர். தமிழை டீக்கடையில் கற்றிருக்கிறார். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, "சார், உனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்ல. ரொம்ப ஜாஸ்தி!" என்றார்.

வாழ்க்கையில் எனக்கு ஜாஸ்தி என்று ஒருவர் சொன்ன முதல் சமாச்சாரம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வீட்டுல புறா இருக்கா?"

"வளர்க்கலை டாக்டர். அதுங்களா வரும்."

"எத்தனை?"

"ஒரு... நாற்பது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். புறாவின் எச்சமும் இறகுத் தூசும் மூச்சோடு உள்ளே போகின்றன. தெருவில் யாரோ "திருடன்!" என்று கத்தினால் பேட்டை முழுக்கத் தடியோடு ஓடி வருமே, அப்படி என் எதிர்ப்புச் சக்தி ஓடி வருகிறது. தூசு தப்பித்துவிடும், அடி வாங்குவது நுரையீரல். "ஸ்டீராய்டு இந்தக் கும்பலை அடக்கும். ஆனா புறா இருந்தா மாத்திரை வேஸ்ட். இப்பவே புறாவை விட்டா சரியாகலாம். இல்லன்னா உள்ளே தழும்பாயிடும், அப்புறம் மாடி ஏற முடியாது."

பெருமை போய்விட்டது. இனி மனைவியிடம் சொல்ல வேண்டும்.

நாங்கள் சாப்பிடுமுன் அவள் பால்கனியில் காக்காய்க்கு ஒரு பிடி சாதம் வைப்பாள். என் அப்பாவை நினைத்து வைப்பது. அதைத் தின்னப் புறாக்கள் வந்தன. ரிட்டயரான பிறகு, அவளுக்குத் தெரியாமல் லேக் மார்க்கெட்டிலிருந்து கம்பு வாங்கிப் போட்டு, அங்கேயே அவற்றைக் குடியேற்றியவன் நான். பேங்கில் முப்பது வருடம் என் பேச்சை ஒருத்தரும் கேட்டதில்லை. புறாக்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டன.

"ஒரு பிடி சாதம் நான் வெச்சா, பின்னாடியே நீங்க பந்தி போட்டேளா?" என்றாள் மனைவி.

"காக்காய்தான் வரலையேன்னு..."

"எப்படி வரும்? உங்க ஆபீஸ் கூட்டம் நடக்கற எடத்துக்கு உங்கப்பா எப்படி வருவார்?" சற்று யோசித்தாள். "நாளைலேர்ந்து கீழே பார்க் சுவத்து மேல வெக்கறேன். அவருக்கும் மூணு மாடி ஏறற கஷ்டம் மிச்சம்."

பால்கனியைக் கழுவி வலை கட்டிய நாளில் நான் வீட்டிலேயே இருக்கக்கூடாதென்பது டாக்டர் உத்தரவு. லேக் மார்க்கெட்டில் தோசை சாப்பிட்டுக் காத்திருந்தேன். ஸ்டீராய்டு பசியில் நான்காவது தோசையைச் சொன்னபோது சர்வர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். முகம் பூரி மாதிரி உப்பியது. புறாக்கள் ஒரு வாரம் வலைக்கு வெளியே உட்கார்ந்து தர்ணா செய்தன. மூடிய கண்ணாடிக்கு இப்பாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டேன். வாரத்தின் முடிவில் எதிர்வீட்டு மாடிக்கு மாற்றலாகிப் போயின.

மாத்திரை படிப்படியாகக் குறைந்தது. தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில்கள் வந்து இறங்கிய வாரத்தில் மறுபடி ஸ்கேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"தழும்பு இல்ல. போ, மாடி ஏறு. புறா பக்கம் மட்டும் போகாதே."

ஏறினேன். முதல் மாடி, இரண்டாம் மாடி, நிற்கவே இல்லை. மூன்றாம் மாடியில் மனைவி கதவைத் திறந்தபோது, முழு வாக்கியமாக, "காபி இருக்கா?" என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருமாம கேக்கறேளே!" என்றாள்.

காபி பாதி குடிப்பதற்குள் மணி அடித்தது. வாசலில் மாஷிமா, மேல்மூச்சு வாங்க நின்றிருந்தார். "நான் என்ன தப்பு செய்தேன்? வாசலைத் தாண்டிப் போகிறாய், ஒரு வார்த்தை கேட்கவில்லையே!" என்றார் வங்க மொழியில்.

அவர் கையைப் பிடித்து மெல்லக் கீழே கூட்டிப் போனேன். வாசலில் நின்று, "இன்று என்ன மீன், மாஷிமா?" என்றேன்.

இலிஷாம். நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.