இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் ஏறியதும் செந்தமிழ்ச்செல்வி டீச்சர் முதலில் ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்வார். அப்புறம் உள்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்குவார். திங்கட்கிழமை விடியற்காலையில் அவரே நிறுத்திவிட்டுப் போன கார்தான். நடுவில் உயரமான ஒருவர் ஓட்டியிருக்கிறார் என்று இருக்கை சொல்லும். அந்த உயரமானவர் அவருடைய கணவர்.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கடைக்காரர் இசைவாணி அக்கா அதை டீச்சருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். என் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் கொட்டகையைப் பார்த்தபடி இருப்பதால், இரண்டு வருஷமாக இதைப் பார்த்துவருகிறேன். டீச்சர் வெள்ளிக்கிழமை வருவார், திங்கட்கிழமை காரை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மலையேறுவார். அவருடைய கணவர் தமிழழகன் சார் செவ்வாய்க்கிழமை வந்து எடுப்பார், வியாழக்கிழமை இருட்டுவதற்குள் கொண்டுவந்து நிறுத்தி சார்ஜில் போட்டுவிட்டுப் போவார். வெள்ளிக்கிழமை டீச்சர் திறக்கும்போது நூறு சதவீதம் இருக்கும். டயரில் காற்றும் சரியாக இருக்கும். ஒருவரை ஒருவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

"கோர்ட்டுக்கும் போவல, வூட்டுக்கும் போவல. நடுவுல இந்த வண்டி மட்டும் போய்க்கினு வந்துகினு கீது" என்பார் இசைவாணி அக்கா, டீச்சர் காதில் விழாத தூரத்தில்.

டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. களமருதூர்க்காரர். அப்பா குத்தகைக்கு நெல் வைத்தவர். அந்தக் குடும்பத்தில் பி.எட். வரை படித்தது அவர் ஒருவர்தான். நைனார்பாளையத்துக்காரரான தமிழழகன் சாரைக் கல்யாணம் செய்துகொண்டு கள்ளக்குறிச்சியில் குடித்தனம் வைத்தார்கள். சாருக்குக் கிணற்று மோட்டார் விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். டீச்சர் சம்பளத்தில் கடன் போட்டு, டீச்சர் பெயரிலேயே இந்த எலக்ட்ரிக் காரை எடுத்தார்கள். எடுத்த ஆறாவது மாதம் பதவி உயர்வில் கல்வராயன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளிக்கு டீச்சருக்கு மாறுதல் வந்தது. "நீ போ, பாத்துக்கலாம்" என்று சார் சொன்னாராம். எதைப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வாராவாரம் வீட்டுக்கு வந்தவர், ஒருதரம் களமருதூரில் அம்மா வீட்டுக்குப் போனார். அடுத்த வாரமும் போனார். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இதை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. சார்ஜ் ஏறக் காத்திருந்த சாயங்காலங்களில் ஒவ்வொரு வரியாகச் சொன்னது.

காரை மலைக்கு எடுத்துப் போகமுடியாது. ஒரே ஒரு தடவை போனார். குவார்ட்டர்ஸில் கரண்டு மங்கலாக வரும், எர்த்தும் கிடையாது. சார்ஜரில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. மலை இறங்கி வரும்போது மட்டும் பிரேக் பிடிப்பதிலேயே பேட்டரி நான்கு சதவீதம் கூடியிருந்தது என்று சொன்னார். இசைவாணி அக்கா நம்பவே இல்லை.

"இறங்குனா ஏறுதா? அப்ப தெனமும் நாலு தபா இறங்குங்க டீச்சர், கடைக்கும் சேத்து கரண்டு வரட்டும்."

"இறங்கணும்னா மொதல்ல ஏறணுமே இசை" என்றார் டீச்சர்.

போன அக்டோபரில், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், மலையில் டீச்சருடைய கார் சாவி போயிற்று.

பிள்ளைகள் புத்தகம், கைப்பந்து, சமையல்கட்டுக் கரண்டி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார்கள். வாத்தியார்களின் பைக்குகள் வாசலில் கழுவி நின்றன. டீச்சருடைய வண்டி மட்டும் கீழே இருந்தது. சமையல் செய்யும் சாலம்மாள்தான் சொன்னாராம்: "வண்டி வரலன்னா இன்னா டீச்சர், சாவியக் குடுங்க. சாவிக்குப் போட்டா வண்டிக்குப் போட்ட மாதிரிதான்." தாம்பாளத்தில் வெற்றிலையை விரித்து அதன்மேல் சாவி, பக்கத்திலேயே கற்பூரம். நூற்றிருபது பிள்ளைகளும் ஒற்றிக்கொள்ளும்வரை அணையக்கூடாது என்று சாலம்மாள் கட்டி கட்டியாகப் போட்டிருக்கிறார். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தபோது பிள்ளைகள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

அடுத்த சனிக்கிழமை சர்வீஸ் சென்டரிலிருந்து அஜித் வந்தார். கடை மேசையில் டீச்சர் அதை எடுத்து வைத்தார்.

"இது இன்னா டீச்சர், சுட்ட முந்திரிக்கொட்ட மாதிரி கீது?" என்றார் இசைவாணி அக்கா.

அஜித் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாஷிங் மெஷின்ல போட்டது பாத்துருக்கேன். நாய் கடிச்சது, கெணத்துல வுழுந்தது எல்லாம் பாத்துருக்கேன். சாமிக்குப் படைச்சது இதான் ஃபர்ஸ்ட்."

டீச்சரும் சிரித்தார். அஜித் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

"புதுசு ஆர்டர் போட்டா மூணு வாரம் ஆவும். வந்தா லேப்டாப் எடுத்தாந்து இங்கயே ஏத்திக் குடுத்துடறேன். ஒண்ணே ஒண்ணு டீச்சர், அன்னிக்கி இன்னொரு சாவியும் வண்டிக்குள்ள இருக்கணும். புதுசா ஏத்தும்போது பழசு எல்லாத்தயும் வண்டி ஒருவாட்டி அழிச்சிடும். உள்ள இருக்கறத மட்டும்தான் மறுபடி சேத்துக்கும்."

"இல்லன்னா?"

"அந்தச் சாவி செத்துரும். கதவே தெறக்காது."

டீச்சர் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். அன்றைக்கும் அது நூறு சதவீதத்தோடு நின்றிருந்தது. டீச்சருடைய சாவி எரிந்துபோன செய்தி சாருக்குத் தெரியாது.

"கேட்டு வாங்கிடுங்க டீச்சர். ஒரு மணி நேர வேலதான்" என்றார் அஜித்.

டீச்சர் என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். வைப்பரில் சொருகி வைக்க ஒரு சீட்டு எழுதப்போகிறார் என்று புரிந்தது. இரண்டு வார்த்தை எழுதினார். பிறகு அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருசமா ஒரு வரி எழுதல தம்பி. மொத மொத எழுதறதே சாவியக் குடுன்னு எழுதினா, திருப்பி வாங்கிக்கிறேன்னுதான நெனப்பாரு."

எனக்குப் பதில் வருவதற்குள் பேச்சு முடிந்துபோவது வழக்கம்.

"போன் பண்ணலாமே டீச்சர்" என்றார் அக்கா.

"என் நம்பரப் பாத்தா எடுக்கறதில்ல. நானும் ரெண்டு வாட்டிக்கு மேல அடிக்கறதில்ல."

கடைசியில் அஜித்திடம், "ரெண்டு புது சாவியா ஆர்டர் போட்டுடுங்க" என்றார். பழையதைக் கேட்க வேண்டியதில்லை. அது செத்துப்போனால் அதன் இடத்தில் வேறொன்று சார் கைக்குப் போய்விடும். அவர் கணக்கு அதுதான்.

கம்பெனி படிவத்தில் இரண்டாவது சாவிக்கு இரண்டு கட்டம்தான் இருந்தது. உடன் உள்ளது. தொலைந்துவிட்டது. தொலைந்தால் போலீஸ் பதிவு வேண்டும்.

"தொலஞ்சிபோச்சின்னு போடாதீங்க தம்பி."

"அப்ப தனியா ஒரு கடிதம் டைப் பண்ணி வச்சிடலாம் டீச்சர். யாருகிட்ட இருக்குன்னு போடட்டும்?"

பின்னால் ஜெராக்ஸ் மெஷின் யாருடைய பத்திரத்தையோ பக்கம் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"கணவரிடம்னு போடுங்க."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். 'மற்றொரு சாவி என் கணவரிடம் உள்ளது. அது செயலிழப்பதில் எனக்குச் சம்மதம்' என்று அடித்துக் கொடுத்தேன். இரண்டாவது வாக்கியத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரமும் டீச்சர் பஸ்ஸில்தான் களமருதூர் போனார். வெள்ளிக்கிழமை மலைப் பஸ்ஸிலிருந்து இறங்கி, உளுந்தூர்பேட்டை பஸ்ஸுக்குப் போகும் முன் கொட்டகைக்குள் நுழைந்து, கண்ணாடியில் கை குவித்து உள்ளே பார்ப்பார். இருக்கை பின்னால் தள்ளியிருக்கும். பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சாவிகள் வந்தன. அஜித் ஏற்றிக் கொடுத்தார். திங்கட்கிழமை விடியற்காலை, பஸ்ஸுக்குப் போகிற அவசரத்தில், டீச்சர் கடையிலேயே படுத்திருந்த என்னை எழுப்பி ஒரு கவரைத் தந்தார். உள்ளே ஒரு புது சாவி.

"நாளைக்கி வருவாரு. வண்டிகிட்ட போறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க தம்பி. போய் அமுக்கிப் பாத்துட்டா தப்பாப் போயிடும்."

செவ்வாய்க்கிழமை வருமானச் சான்றுக்குக் கூட்டம் அலைமோதியது. நான் தலை நிமிர்ந்தபோது சார் கார் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். சாவியை நீட்டி அமுக்கினார். கதவுப் பிடியை இழுத்தார். சாவியை உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடி அமுக்கினார். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஒரு பெரியவரின் விண்ணப்பத்துக்குக் கைவிரல் ரேகைப் பதிவு பாதியில் இருந்தது.

சார் கடைக்கே வந்தார். "தம்பி, சாவிக்குப் போடற காசு மாதிரி செல் கீதா?"

இருந்தது. அதை வாங்கி, நகத்தால் மூடியைத் திறந்து மாற்றிக்கொண்டு திரும்பப் போனார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. புது செல்லுக்கும் கதவு திறக்கவில்லை. அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அதற்கப்புறம்தான் கவரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"டீச்சர் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க சார். பழசு இனிமே வேல செய்யாது. வண்டியில அத அழிச்சிட்டாங்க."

கற்பூரத்திலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். வேகத்தில் கடைசி வரியை முதலில் சொல்லிவிட்டேன்.

"அழிச்சிட்டாங்களா" என்றார். கவரை வாங்கவில்லை. "சரி. வண்டி அவங்க பேருலதான இருக்குது." செத்த சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். கார் அவர் விட்ட இடத்தில், விட்டபடி இருந்தது. அறுபத்தோரு சதவீதம். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். செல் வாங்கி மாற்றிப் பார்த்ததையும் சொன்னேன்.

"எத்தினி வாட்டி அமுக்கினாரு?"

"ஏழெட்டு வாட்டி இருக்கும் டீச்சர். தப்பு என்னுதுதான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். கரும்பு டிராக்டர் ஒன்று போனது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு, "உங்க போனக் கொஞ்சம் குடுங்க தம்பி" என்றார். எண்ணை மனப்பாடமாகவே அழுத்தினார். எழுந்து வெளியே போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"நான்தாங்க. செல்வி... எங்கியும் இல்ல, ஜெராக்ஸ் கடையில... இல்ல, நான் ஒண்ணும் புடுங்கல. என்னுது எரிஞ்சிபோச்சி. பூசையிலங்க. கற்பூரத்துல... ஆமா, சாவிக்குத்தான் போட்டாங்க... சிரிக்காதீங்க."

இசைவாணி அக்கா மெஷினை நிறுத்திவிட்டார். கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. டீச்சர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். மேசையிலிருந்த தாள்கட்டின் ஓரத்தை விரல் நீவிக்கொண்டிருந்தது.

"இல்ல... இல்லங்க, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. செவ்வாக்கெழமயே வாங்க. தம்பி குடுப்பாரு."

வெள்ளிக்கிழமை வாங்க என்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்கும் அதே எண்ணம்தான் என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. டீச்சர் போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுபத்தோரு சதவீதத்தோடே களமருதூர் கிளம்பினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடை திறந்ததிலிருந்து நான் வாசலிலேயே நின்றேன். சார் நேராக என்னிடம் வந்தார். கவரைப் பிரித்து, சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கார் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"அவங்க எப்பிடி கீறாங்க தம்பி?"

மெலிந்திருக்கிறார் என்று சொல்லலாம். காதோரம் நரை விழுந்திருக்கிறது, மலைக் குளிரில் உதடு வெடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் கொட்டகையில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார் என்று சொல்லலாம்.

"அப்படியேதான் இருக்காங்க சார்."

அவர் தலையாட்டினார். கார் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்து, திருக்கோவிலூர்ப் பக்கம் திரும்பியது.

வெள்ளிக்கிழமை டீச்சர் கொட்டகைக்குப் போகாமல் கடைக்கு வந்தார்.

"வாங்கிக்கினாரா?"

"வாங்கிக்கினாரு டீச்சர்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு."

"இன்னா சொன்னீங்க?"

"அப்படியே இருக்காங்கன்னு சொன்னேன்."

டீச்சர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார். அம்மாவின் மருந்துச் சீட்டில் ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.