குலசாமி தூரம்

இருபது கிலோமீட்டர்தான் குறைந்தது. அந்த இருபதுக்காக என் வீட்டுக்காரியை இரண்டு மாதம் சும்மா வீட்டில் உட்கார வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை. ஆனாலும் செய்தது நான்தான்.

எங்களுக்கு இடைசெவலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எட்டு ஏக்கர் கரிசல், ஒரு டிராக்டர். சுற்று வட்டாரத்துக்கு உழவும் விதைப்பும் நான்தான். அவள் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். இருபத்து மூன்று வருசம். பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை. மெஷின் வந்து பாதிப் பேரை வெளியே அனுப்பிய பிறகும் அவளை வைத்திருந்தார்கள். கை வேகம் அப்படி. காலையில் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் கூட்டி வருவேன். வீட்டிலிருந்து ஆபீஸ் வாசல் பன்னிரண்டு கிலோமீட்டர்.

போன ஐப்பசியில் நல்ல மழை. கரிசல் மண் நனைந்தால் சக்கரத்தை விடாது. புஞ்சையிலிருந்து டிராக்டர் ரோட்டில் ஏறும்போது அப்பிய மண் எல்லாம் தாரில் உதிரும். அதன் மேல் தூறல் விழுந்தால் எண்ணெய் கொட்டினது மாதிரி ஆகிவிடும். ஒரு காலையில் அதில்தான் பைக் சறுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு முதுகெலும்பில் அடி.

அது என் டிராக்டர் போட்ட மண். முந்தின நாள் அந்தப் புஞ்சையில் விதைத்துக் கொடுத்தது நான்தான். வேறு டிராக்டர் அந்தப் பக்கம் வரவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ரோட்டில் ஏறுமுன் வண்டியை நிறுத்தி, மண்வெட்டியால் சக்கரத்து மண்ணைச் சுரண்டிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

திருநெல்வேலி டாக்டர் ஆபரேஷன் வேண்டாம் என்றார். ஒன்றரை மாதம் படுக்கை. பிறகு சாய்ந்து உட்கார்ந்து செய்கிற வேலையைச் செய்யலாம். பைக் மட்டும் ஆகாது, குலுக்கல் ஆகாது. இனி எப்போதும்.

மார்கழி பிறந்ததும் ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்தாள். மூன்று நாள் போனாள். நாலாம் நாள் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பஸ் எங்கள் ஊருக்குள் வராது. ஆபீஸ் வேனும் இந்தப் பக்கம் வராது.

அப்போதுதான் கார் என்ற பேச்சு வந்தது. மேட்டு நிலத்தில் ஒரு துண்டைக் காற்றாலைக்காரர்களுக்குக் கொடுத்த பணம் பேங்கில் கிடந்தது. பெட்ரோல் கார் வாங்கினால் அவள் சம்பளம் பெட்ரோலுக்கே சரியாகப் போகும். கரண்டு கார் என்றால் வீட்டிலேயே சொருகிக்கொள்ளலாம். திருநெல்வேலியில் ஷோரூமுக்குப் போனேன். அங்கே இருந்த பொண்ணு நேராகப் பேசினது.

“கம்பெனி போட்டிருக்கது முந்நூறு கிலோமீட்டர், அண்ணாச்சி. ஏசி போட்டு நாலு ஆளு ஏறினா இருநூறுன்னு வச்சுக்கோங்க. பொய் சொல்லி விக்க மாட்டேன்.”

“நான் டிராக்டர்காரன்மா. கம்பெனிக்காரன் சொல்லுத கணக்கு எனக்குத் தெரியும்” என்றேன்.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மகன் கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் இருக்கிறான். போனில் கேட்டேன்.

“இப்ப வாங்காதீங்கப்பா. அடுத்த வருசம் ஐந்நூறு கிலோமீட்டர் போற வண்டி வருதாம். கொஞ்சம் பொறுங்க. இப்ப வாங்கிட்டு அப்புறம் அதப் பாத்து வயிறெரியக் கூடாது.”

அவன் சொன்னது எனக்குச் சரி என்று பட்டது. காரணம் குலசாமி கோயில். சாயல்குடி தாண்டிக் கடலோரத்தில் உடைமரக் காட்டுக்குள் இருக்கிறது. மாசி சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் போவோம். சொந்தமாகக் கார் வாங்கி அது குலசாமி கோயிலுக்குப் போய்த் திரும்பாது என்றால் அது என்ன கார்? எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தூரம் சரியாகத் தெரியவில்லை. நூறு என்பான் ஒருத்தன், நூற்று முப்பது என்பான் இன்னொருத்தன். பொங்கல் கழிந்த மறுநாள் பைக்கை எடுத்தேன். டிராக்டருக்கு ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். வாசலில் மீட்டரைக் குறித்துக்கொண்டு கிளம்பினேன். எட்டயபுரம், விளாத்திகுளம், சாயல்குடி. கோயில் வாசலில் நிறுத்திப் பார்த்தால் நூற்றுப் பத்து.

பூசாரி சருகு கூட்டிக்கொண்டிருந்தார். “என்ன திடீர்னு? வேண்டுதலா?” என்றார்.

“இல்ல. எம்புட்டுத் தூரம்னு பாக்க வந்தேன்.”

என்னைப் பார்த்தார். பைக்கைப் பார்த்தார். “ஒங்க அப்பா காலத்துல இருந்து அதே தூரந்தான்” என்றார்.

“இங்கன கரண்டு உண்டா?”

“ஒரு பல்பு எரியும். திருவிழாவுக்கு ஜெனரேட்டர்.”

“காருக்குச் சார்ஜ் போடணும்னா?”

“போனுக்கே நான் டீக்கடைக்குப் போறேன்.”

போக வர இருநூற்று இருபது. வண்டி ஓடுவது இருநூறு. இருபது குறைகிறது. திரும்பி வரும்போது எட்டயபுரத்தில் நின்றுவிடும். அந்த வழியில் சார்ஜ் போடுகிற இடம் எதையும் நான் பார்க்கவில்லை. அப்படியானால் மகன் சொன்ன மாதிரி பொறுப்பதுதான் சரி என்று முடிவு செய்துகொண்டு வீடு வந்தேன்.

“சாமான் கெடச்சுதா?” என்றாள்.

“இல்ல.”

“கெடைக்காது. பூசாரி போன் போட்டாரு. ஒங்க வீட்டுக்காரருக்கு ஏதும் மனக்கொறையான்னு கேட்டாரு.”

அடுத்த வருசம் பெரிய வண்டி வருகிறது, அதை வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் சரி என்றாள். சோறு போட்டாள்.

அந்த மாதங்களில் அவள் இருந்த இருப்பை நான் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்குள் வீட்டு வேலை முடிந்துவிடும். பிறகு உளுந்தை முறத்தில் போட்டுக் கல் பார்ப்பாள். பார்த்து முடித்த உளுந்தையே மறுபடியும் பார்ப்பாள். மத்தியானம் ஆபீஸில் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்துக்கு அங்கே இருக்கிற பெண்கள் போன் போடுவார்கள். ஸ்பீக்கரில் எல்லோரும் ஒரே சமயத்தில் கத்துவார்கள். யாருக்கு யாரோடு சண்டை, மொதலாளி வீட்டுக் கல்யாணம், புது மெஷின். மார்கழியில் தினமும் வந்தது. தை மாதம் வாரத்துக்கு ஒன்று இரண்டாகக் குறைந்தது. போன் வராத நாளிலும் அந்த நேரத்தில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

தை கடைசியில் ஆபீஸ் கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன். “மொதலாளி கேட்டுக்கிட்டே இருக்காவ. அவிய எடத்த மாசி முடிய வச்சிருக்கேன். பங்குனி பெறந்தா வேற ஆளு போட்டுருவேன். என்னைக் குத்தம் சொல்லக் கூடாது” என்றார்.

அவளிடம் அப்படியே சொன்னேன். “வேற ஆளுன்னா யாரு?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

மாசி பிறந்தது. சிவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியப்பா மகன் வந்தார். எனக்கு அண்ணன் முறை. கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை. பெட்ரோல் கார் வைத்திருக்கிறார். கோயிலுக்குப் போகிற வேனுக்கு வருசா வருசம் ஆள் கணக்கு எடுப்பது அவர்தான்.

“ஏலே, ஒங்க வீட்ல எத்தன பேரு?”

“ரெண்டு.”

“ஒம் பொண்டாட்டிக்கு முன்சீட்டு. டிரைவர்ட்ட சொல்லிட்டேன். சாஞ்சு வரட்டும்.” நோட்டில் எழுதிக்கொண்டார். “பேட்டரி வண்டி வாங்கப் போறியாமே? நடுவழியில தள்ளணும்னா போன் போடு. ஆளு அனுப்புதேன்.”

“அடுத்த வருசந்தான்.”

“அடுத்த வருசமும் தள்ளணும்லே” என்றுவிட்டுப் போய்விட்டார்.

அடுப்படியில் இருந்து அவள் கேட்டாள். “அவிய கார் வச்சிருக்காவளே, அவிய எதுல வாராவ?”

“வேன்லதான்.”

“கார் எதுக்கு எடுக்கல?”

எனக்கு அது தெரியும். ஊருக்கே தெரியும். கார் வாங்கின முதல் வருசம் அதில்தான் வந்தார். கோயிலில் இறங்கினதும் ஒரு பெரியவர் எல்லோரும் கேட்க, “கார் வந்ததும் பங்காளி ஒட்டு அத்துப்போச்சோ?” என்றார். பொங்கல் பானை, அரிசி, கிடாய், சின்னப் பிள்ளைகள், வயசானவர்கள் எல்லாம் ஒரே வேனில் வந்திருக்க, இவர் மட்டும் ஏசியில் வந்தாரே என்று அன்று முழுக்கப் பேச்சு. மறு வருசத்திலிருந்து கார் கடை வாசலில் நிற்கும். அவர் வேனில் வருவார்.

இதைத்தான் அவளிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “அப்ப நம்ம கார் மட்டும் கோயிலுக்குப் போவுமாக்கும்?”

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

“நூத்திப் பத்து கிலோமீட்டர் பைக்குல போயி அளந்துட்டு வந்தீங்க. இங்கன இருந்து ஆபீஸ் எம்புட்டுன்னு யாரும் அளக்க வேண்டாம். சாமிக்கு வருசத்துல ஒரு நாளு. எனக்குத் தெனம்.”

“அடுத்த வருசம் நல்ல வண்டி வருதுன்னு பயலும் சொன்னான்லா. அதான்.”

“வரட்டும். அதுக்கடுத்த வருசம் அத விட நல்லது வரும். அதுக்குள்ள என் எடத்துல எவளோ உக்காந்திருப்பா.”

உள்ளே போகத் திரும்பினாள். பிறகு, “ரோட்டுல மண்ணு போட்டது ஒங்க டிராக்டர்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அத வச்சு நான் இதக் கேக்கல. வேலைக்குப் போவணும், அதுக்குத்தான் கேக்குதேன்” என்றாள்.

மறுபடியும் அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் வாசலில் போய் நின்றேன். தெருவில் யாரோ ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று நினைவில்லை.

மறுநாள் காலை கோவில்பட்டி வரை பைக்கில் போய், முதல் பஸ்ஸில் திருநெல்வேலி போனேன். அதே பொண்ணு இருந்தது. முன்னால் பார்த்த அதே வண்டியைச் சொன்னேன்.

“எப்பக் கெடைக்கும்?”

“இந்த வாரமே எடுத்துக்கலாம் அண்ணாச்சி. எல்லாரும் அடுத்த வருசத்து வண்டிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. இது வாங்க ஆளில்லாம நிக்கி.”

மகனிடம் சொன்னேன். “அம்மாவுக்குச் சீட்டு வசதியா இருக்கான்னு பாத்தீங்களா?” என்றான். பார்த்தேன் என்றேன். அவ்வளவுதான்.

சிவராத்திரிக்கு ரெண்டு நாள் முன்னால் வண்டி வந்தது, தெருவே கூடிவிட்டது. சத்தமே இல்லையே, ஓடுதா நிக்குதா என்று ஒரே கேலி. பக்கத்து வீட்டுக்காரர், “கெணத்து மோட்டார் கரண்டு சும்மாதான வருது? அங்கன கொண்டுபோய்ச் சொருகுங்க” என்றார். அது பயிருக்கு என்றேன். “நீரு பொழைக்கத் தெரியாத ஆளு” என்றார். எலக்ட்ரீசியன் வந்து வீட்டு லைனில் தனியாக ஒரு பிளக் போட்டுக் கொடுத்தான்.

சிவராத்திரிக்கு வேனில்தான் போனோம். அவள் முன்சீட்டில். நான் பின்னால் கிடாய்க்குப் பக்கத்தில். “கார் வாங்கியும் ஒனக்கு இந்தச் சீட்டுத்தானாலே” என்று அண்ணன் சொல்ல, வேன் முழுக்கச் சிரித்தது. கிடாய் என் வேட்டி நுனியைத் தின்றுகொண்டிருந்தது. சிரிப்பு அதற்கும் சேர்த்துத்தான்.

மாசி முடிய நாலு நாள் இருக்கும்போது அவள் வேலைக்குக் கிளம்பினாள். சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தேன். வேகத்தடைகளில் ஏற்றி இறக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். “ரோட்டப் பாருங்க” என்றாள். ஆபீஸ் வாசலில் இறங்கினதும் நாலைந்து பெண்கள் ஓடி வந்தார்கள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் போய் நின்றேன். அவள் இரண்டு பெண்களோடு வந்தாள். ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள்.

“இவிய ரெண்டு பேரையும் அவிய ஊருல எறக்கி விடணும்.”

“அது வழி இல்ல. சுத்து.”

“எம்புட்டு?”

“ஏழு கிலோமீட்டர்.”

“போவும்லா?”

“போவும்” என்றேன்.

பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். வண்டி நகர்ந்தபிறகு, “எத்தன பெட்டி அடச்ச?” என்று அவளைக் கேட்டேன்.

“முன்ன அடச்சதுல பாதி. கை மறந்துபோச்சு.”

“பாதியா?” என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. “நாங்க முழு நாளும் அடைக்கது அம்புட்டுத்தான் அக்கா. வந்த அன்னைக்கே எங்க மானத்த வாங்காதீங்க.”

அவள் சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு மூவரும் புது மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டினேன்.

அவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நான் வண்டியைச் சொருகினேன். காலையில் கால் மணி நேரம் முந்திக் கிளம்ப வேண்டும், அவர்கள் ரெண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.