ஆற்றோடு போன சந்திரம்மாள்

துரிஞ்சலாற்றில் வருஷத்தில் பதினோரு மாதம் தண்ணீர் கிடையாது. ஆனால் ஆவிகளுக்கு மட்டும் அங்கே பஞ்சமே வந்ததில்லை. கரையில் இருக்கும் புங்கம்பாக்கத்துக்காரர்களைக் கேட்டால், எந்த ஆவி எந்த மேட்டில் குடியிருக்கிறது என்று கதவு எண்ணோடு சொல்வார்கள். நவாபு காலத்தில் படையோடு ஆற்றைக் கடந்து, நடுவில் முழுகிப்போன குதிரைக்காரன் ஒருவன் உண்டு. இன்றைக்கும் நனைந்த தலைப்பாகையைப் பிழிந்துகொண்டு நிற்கிறானாம். வறண்ட ஆற்றில் எப்படி நனைந்தது என்று யாரும் கேட்பதில்லை. மடுவில் ஏழு கன்னிமார் உண்டு. தனியாகப் போகிறவர்களைக் காலைப் பிடித்து இழுப்பார்களாம். மணல் லாரிக்காரர்களை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.

இத்தனை பேரிலும் வயதில் இளையவள், செல்வாக்கில் பெரியவள் சந்திரம்மன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை வெள்ளத்தில் அடித்துப்போன அந்த ஊர் மருமகள். கணவன் மேல் உயிரையே வைத்திருந்தவள் என்றும், வயலில் இருந்த அவனுக்குக் கூழ் கொண்டுபோகையில் ஆறு வாரிக்கொண்டது என்றும், அன்று முதல் பூவாடைக்காரியாக, சுமங்கலியாகச் செத்த வீட்டுத் தெய்வமாக நின்று குடும்பத்தைக் காக்கிறாள் என்றும் வரலாறு. கரையில் தகரக் கூரைக் கோயில். வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் கணவன் ராஜேந்திரன் மேலேயே இறங்கிக் குறி சொல்வாள். செத்தும் புருஷனைப் பிரியாத உத்தமி என்று ஊரே உருகும்.

இதில் சிறிய சிக்கல் ஒன்று இருந்தது. அந்த உத்தமி அதே வெள்ளிக்கிழமைகளில், அதே உச்சிவேளையில், திருவண்ணாமலை தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜின் மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

சந்திரம்மாள் செத்த விதம் இதுதான். பதினெட்டு வயதில் கல்யாணம். ராஜேந்திரன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பதே இரண்டு வருஷம் அவள் பெயராக இருந்தது. அவன் கை நீளும்போதெல்லாம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் அண்ணனே அரை மூட்டை கேழ்வரகோடு பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினான். "பொறுத்துப் போம்மா. எல்லாம் சரியாயிடும்." கேழ்வரகு தீர்ந்ததும் மறுபடி எல்லாம் பழையபடி ஆயிற்று.

மூன்றாவது முறை மொச்சைக்கொட்டைக் குழம்பில் உப்பு கூடிவிட்டது. கரண்டிக் காம்பு அவள் புருவத்தைக் கிழித்தது. முகத்தைக் கழுவினாள், இருந்த இன்னொரு புடவையை மூட்டை கட்டினாள், பட்டப்பகலில் வீட்டை விட்டு இறங்கினாள். ஆற்றில் வெள்ளம். துறை வழியாகப் போக முடியாது. மேற்கே அணைக்கட்டின் சுவர்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து கடந்தாள். பாதியில் மூட்டை நழுவிப் போயிற்று. கை நீட்டிப் பிடிக்கப் பார்த்தாள். பிறகு, புடவையா உயிரா என்று யோசித்து, புடவையை விட்டுவிட்டாள்.

அந்தப் புடவை ஒரு மைல் கீழே வேலிகாத்தான் புதரில் சிக்கிக்கொண்டது. ஊரார் புடவையைக் கண்டார்கள். அதற்குமேல் தேடவில்லை. கிடைத்துத் தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம் இருந்திருக்கலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஆறாம் மாதம் ராஜேந்திரன் துக்கம் தாங்காமல் பாஞ்சாலை என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

தான் செத்துப்போன விஷயம், திருவண்ணாமலைக்குப் போய் லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருந்த சந்திரம்மாளுக்கு ஒரு பௌர்ணமியன்றுதான் தெரிந்தது. கிரிவலம் வந்த புங்கம்பாக்கத்துப் பெரியவர் ஒருவர் லாட்ஜ் வாசலில் அவளைப் பார்த்தார். "அய்யோ, ஆத்தோட போனவ!" என்று செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். மலையைச் சுற்ற வந்தவர் பாதி மலையோடு ஊருக்குத் திரும்பி, அண்ணாமலையாரைப் பார்க்க ஆவியே பஸ் ஏறி வந்திருக்கிறது என்று சொன்னார். அதுவும் வரலாற்றில் சேர்ந்தது.

சந்திரம்மாள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். உயிரோடிருப்பவளைத் திருப்பி அனுப்புவார்கள். செத்தவளை யாரும் பஸ் ஏற்றிவிட மாட்டார்கள். சரி, செத்தே இருப்போம் என்று முடிவெடுத்தாள்.

செத்தபின் அவள் நன்றாகவே வாழ்ந்தாள். துணி துவைத்தாள், அறைகளைப் பெருக்கினாள், மூன்று முதலாளிகளைப் பார்த்தாள். நான்காவது முதலாளி அவள் கழுத்தில் 'ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்' என்று ஓர் அட்டையை மாட்டினார். வேலை அதேதான், அட்டை மட்டும் புதுசு. வேங்கிக்காலில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். சாப்பாட்டில் உப்பை இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டாள்.

அறுபத்தொன்றாம் வயதில்தான் அவள் கதையை அவளே கேட்க நேர்ந்தது. லாட்ஜ் வரவேற்பில் இருக்கும் அன்புச்செல்வி செல்போனை நீட்டினாள்.

"அக்கா, இத பாருங்களேன். நம்ம ஊர்ப் பக்கந்தான். பயமா கீது."

ஆதவன் என்ற இளைஞன் பேசிக்கொண்டிருந்தான். யூடியூபில் அவன் வரலாற்று ஆய்வாளன். பின்னணியில் ஓநாய் ஊளையிட்டது. துரிஞ்சலாற்றில் எந்தக் காலத்தில் ஓநாய் இருந்தது என்பது அவனுடைய தனி ஆய்வு. நவாபின் குதிரைக்காரன், கன்னிமார், கடைசியில் சந்திரம்மன். ராஜேந்திரன் மஞ்சள் புடவையைச் சுற்றிக்கொண்டு கீச்சுக்குரலில், "என் மாமா தங்கமான மனுசன்" என்றான்.

சந்திரம்மாள் வீடியோவை நிறுத்தினாள். புருவத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம எனக்கு லீவு வேணும்" என்றாள்.

அன்புச்செல்விக்கு ஆவியைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி. நாற்பது வருஷத்தில் அந்த அம்மாள் கேட்ட முதல் லீவு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினாள். அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தெரியும் வயதுக்காரர்கள் பெரும்பாலும் நிஜமாகவே செத்திருந்தார்கள். தன் கோயிலில் தன்னைப் பார்க்க வரிசையில் நின்றாள். முன்னால் இருந்தவள், "தள்ளாம வாம்மா, ஆத்தா எல்லாருக்கும் சொல்லுவா" என்று அதட்டினாள். ஆதவனும் கேமராவோடு நின்றிருந்தான். இரண்டாம் பாகம் எடுக்க வந்திருந்தான்.

உடுக்கை அடித்தார்கள். ராஜேந்திரன் தலையை ஆட்டினான். எழுபதை நெருங்கும் வயது, சர்க்கரை வேறு. ஆட்டத்துக்கு நடுவே மூச்சு வாங்கியது. சந்திரம்மாளுக்கு அவனைப் பார்த்துக் கோபம் வரவில்லை. தன் பெயரைச் சொல்லி யாரோ கடைபோட்டிருப்பதைப் பார்க்கும் வேடிக்கைதான் இருந்தது. முறை வந்தால் ஒரு கும்பிடு போட்டு, விபூதி வாங்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

அப்போது ஒரு மாமியார் தன் மருமகளை முன்னால் தள்ளினாள். அபிநயா என்று பெயர். இருபத்திரண்டு வயது இருக்கும். முழங்கையில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"ஆத்தா, இவ நிக்க மாட்டேன்றா. அம்மா வூட்டுக்கே போறேன்றா. நீதான் புத்தி சொல்லணும்."

ராஜேந்திரன் கண்ணை உருட்டினான். கீச்சுக்குரல் வந்தது. "பொறுத்துப் போம்மா. ஆம்பள கை அப்டி இப்டித்தான் இருக்கும். நான் பொறுத்துப் போனவ. அதான் தெய்வமானேன்."

"பொறுத்துப் போனேன்னு நான் எப்படா சொன்னேன்?"

குரல் வரிசையின் நடுவிலிருந்து வந்தது. உடுக்கை நின்றது. சந்திரம்மாள் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கழுத்தில் லாட்ஜ் அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"கூழா கொண்டாந்தேன் உனக்கு? மொச்சக்கொட்ட கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு கரண்டியால அடிச்சியே, அதச் சொன்னியாடா இவங்ககிட்ட?"

ராஜேந்திரன் பார்த்தான். புருவத்தைப் பார்த்தான். அவன் மேல் இருந்த சந்திரம்மன் எங்கே போனாளோ, ஒரே நொடியில் காணவில்லை. அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"நான்தாண்டா சந்திரம்மா! உயிரோடதான் இருக்கறேன்!"

உண்மையைச் சொன்னால் ஊர் நம்பும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஊரும் நம்பத்தான் செய்தது, ஆனால் வேறு மாதிரி.

"ஆத்தா எடம் மாறிட்டாடீ!" என்று ஒருத்தி அலறினாள். மொத்தக் கூட்டமும் தரையில் விழுந்தது. யாரோ அவள் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். யாரோ குடத்துத் தண்ணீரை அவள் காலில் ஊற்றினார்கள்.

"அடச்சீ, எழுந்திருங்க! நான் ஆவியில்ல. லாட்ஜுல வேல செய்றேன்!"

"எந்த வேசத்துல வந்தாலும் நீதான் தாயே" என்று உடுக்கைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பேசப் பேசச் சிக்கல் பெருகியது. கரண்டி, குழம்பு, அண்ணன், கேழ்வரகு என்று அவள் சொன்ன ஒவ்வொன்றும் அருள் வந்ததற்கு ஆதாரமாயிற்று. வேற்றூர்க்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சந்திரம்மாள் களைத்துப்போனாள். அபிநயா மட்டும் விழுந்து கும்பிடாமல் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இவர்கள் நம்புகிறபடியே நம்பட்டும் என்று சந்திரம்மாள் வேப்பிலையை ஓங்கினாள்.

"உங்க அம்மா வூடு எங்கடி?"

"செங்கம் பக்கத்துல, ஆத்தா."

"பஸ்ஸு எப்போ?"

"ரெண்டு மணிக்கு ஒண்ணு இருக்குது."

"அதுல ஏறு. உங்க அம்மா திருப்பி அனுப்பினா, அடுத்த வெள்ளிக்கெழம ஆத்தா நேரா அவங்க வூட்டு வாசலுக்கே வருவான்னு சொல்லு."

மாமியார் வாயைத் திறந்தாள். வேப்பிலை அவள் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டாள். தெய்வக் குற்றம் வந்துவிடுமென்று, மருமகளின் பையை அவளே பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் ராஜேந்திரன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சந்திரம்மாள் எதிரே போய் நின்றாள்.

"நீ... நெஜமாவே உயிரோட கீறியா?"

"இல்ல, செத்துட்டேன். நீதான காரியம் பண்ணே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புத்தான், சந்திரா" என்றான். பெயர் சொல்லி அவன் கூப்பிட்ட முதல் தடவை. நாற்பது வருஷம் அம்மன் பெயராகச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகியிருக்க வேண்டும். அவளுக்கு என்னவோ போலிருந்தது. மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லவும் இல்லை.

அந்தப் பக்கமாகத் தவலையோடு வந்த பாஞ்சாலை நின்றாள். முன்பல் இரண்டு இல்லை. சந்திரம்மாளை மேலும் கீழும் பார்த்தாள். ஊரில் அவள் ஒருத்திதான் ஏமாறவில்லை.

"எந்த வழியா போன, அக்கா?" என்றாள் மெதுவாக.

"அணக்கட்டு மேல."

பாஞ்சாலை தவலையை இறக்கி வைத்தாள். "நாப்பது வருசமா கன்னத்துல போட்டுக்கினு உன்ன சுத்தி வந்தேன். இந்த ஒரு வார்த்தைய யாராச்சும் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே."

இருவரும் சிரித்தார்களா அழுதார்களா என்று ராஜேந்திரனுக்குப் புரியவில்லை. நாலு மணி பஸ் போய்விட்டது. சந்திரம்மாள் அடுத்த பஸ்ஸில் போனாள்.

ஆதவனின் இரண்டாம் பாகத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 'கிழவி வேடத்தில் வந்த அம்மன்' என்று தலைப்பு. சந்திரம்மாளின் முகத்தைச் சுற்றி அவனே ஓர் ஒளிவட்டம் போட்டிருந்தான். தன்னைச் செத்தவள் என்றதை அவள் பொருட்படுத்தவில்லை. கிழவி என்றதற்கு மட்டும் இரண்டு நாள் திட்டினாள்.

அதற்குப் பிறகு ராஜேந்திரன் மேல் அம்மன் வருவதில்லை. சர்க்கரைதான் ஏறுகிறது. இப்போது குறி சொல்கிறவள் பாஞ்சாலை. மாமியார்கள் வரத்து கம்மி. மருமகள்கள் தாங்களாகவே வருகிறார்கள். அபிநயாவைப் பெற்றவள் திருப்பி அனுப்பவில்லை. மகள்மேல் பாசம் பாதி, வாசலுக்கு ஆவி வந்து நிற்கும் என்ற பயம் மீதி. பெண் இப்போது செங்கத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் லாட்ஜ் மொட்டைமாடியில் செல்போன் அடிக்கும். சந்திரம்மாள் ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு எடுப்பாள்.

"அக்கா, ஒரு பொண்ணு வந்திருக்குது. கூடவே அண்ணங்காரனும் வந்து, பொறுத்துப் போன்னு சொல்லச் சொல்றான். இன்னா சொல்லட்டும்?"

"மொதல்ல அந்த அண்ணங்காரன வெளிய போவச் சொல்லு" என்பாள் சந்திரம்மன்.