இடுப்பளவு அடுப்பு

பவுனம்மாள் பத்தொன்பது வருடம் ரயில் நேரம் பார்த்துக் குளித்தாள். ரயில்வே ஆட்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் இருந்த பலகை வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் மேட்டில் ஓடியது. குளிக்கும் இடமோ நாலு தகரத்தை நிறுத்தி வைத்த கூரையில்லாத மறைப்பு. கிள்ளானுக்குப் போகும் பயணிகள் வண்டி போன பிறகு, சரக்கு வண்டி வருவதற்கு முன்னால், அந்த இடைவெளிக்குள் தலை முழுகி எழுந்துவிட வேண்டும். வண்டி முன்கூட்டி வந்துவிட்டால் ஈரச் சேலையோடு தகரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

1929இல் ஒருநாள் அதற்கு முடிவு வந்தது. அவள் கேட்டதனால் அல்ல. அவளுடைய கணவர் சபாபதியின் அண்ணன் வேலாயுதத்திடம் கோயிலில் எவரோ, "மண்டோர் வீட்டுக் குளிப்பறை வண்டியிலேருந்து நல்லாத் தெரியுதே" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். வேலாயுதம் தண்டவாளப் பாதை போடும் கூலிகளுக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தம்பி வீட்டிலேயே இருந்தார். வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும். மறுநாளே கொத்தனார் பக்கிரிசாமி வந்துவிட்டார். செங்கல் சுவர், கூரை, தாழ்ப்பாள் போட்ட கதவு, சிமிட்டித் தரை, பைப் தண்ணீர். எதிலும் குறை வைக்கவில்லை.

"அதோட குசினியையும் மாத்திடுங்க மச்சான்" என்றாள் பவுனம்மாள். "அடுப்பு என் இடுப்பு உயரத்துக்கு வேணும்."

குன்றின் மேலிருந்த ரயில்வே துரையின் பங்களாவில் அவள் சமையல்காரி. அங்கே உயரமான அடுப்பில் நின்றபடி ஆக்கிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் தரையோடு தரையாக இருந்த அடுப்பின் முன் குந்த வேண்டும். முழங்கால்கள் பலாக்கொட்டை போலப் புடைத்திருந்தன. போன வாரம் எழுந்திருக்கத் தூணைப் பிடித்தவள், கஞ்சிப்பானையைக் காலில் கவிழ்த்துக்கொண்டாள்.

வேலாயுதம் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "நின்னுக்கிட்டு ஆக்குறது துரை வீட்டுப் பழக்கம். குடும்பப் பொம்பளை உக்காந்துதான் பொங்கணும்."

"துரைக்கு நின்னு ஆக்குறேன். உங்களுக்குத் தவழ்ந்து ஆக்கணுமா?"

"எங்கம்மா ஆக்கலையா? என் பொஞ்சாதி ஆக்கலையா?"

"அவங்களை யாரும் கேக்கலை, மச்சான்."

சபாபதி சட்டையை மாட்டிக்கொண்டு ரயில்வே பட்டறைக்குக் கிளம்பினார். பட்டறையில் இரும்போடு பழகியவர், வீட்டிலும் இரும்பைப் போலவே இருந்தார்.

மானம் ரயிலிலிருந்து தெரிந்தது. அதற்கு உடனே சுவர் எழுந்தது. முழங்கால் சேலைக்குள் இருந்தது. வேலாயுதத்தைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தனக்கு வலிக்காத ஒன்றை வழக்கம் என்று நினைத்தார், அவ்வளவுதான். அந்தப் பிழை அவரோடு தொடங்கியதும் இல்லை.

அடுப்பை இடுப்பளவுக்கே கட்டும்படி பவுனம்மாள் பக்கிரிசாமியிடம் தனியாகச் சொன்னாள். அவரும் "ஆகட்டும் அக்கா" என்றார். சில நாள் கழித்து அவள் பங்களாவுக்குப் போய்விட்டு மாலை மூன்று மணிக்குத் திரும்பியபோது குளியலறை முடிந்திருந்தது. குசினியில் புது அடுப்பு மேடையும் முடிந்திருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். மேலே பூசிய சிமிட்டி இன்னும் ஈரமாக மினுங்கியது.

"இது என்ன பக்கிரி?"

"பெரியவரு இப்படித்தான் கட்டணும்னுட்டாரு. நான் என்ன செய்ய?" பக்கிரிசாமி கரணையைக் கழுவுவதில் மும்முரமானார். "பழைய அடுப்புக்கு இது ஒசரந்தானே அக்கா."

"ஒரு சாண் ஒசரம். நீ குந்திக் காட்டு, எந்திரிச்சும் காட்டு. நாளைக்கு மூணு வேளை, பத்தொன்பது வருசம்."

அவர் குந்தவில்லை. சுவரில் கடப்பாரை சாய்ந்திருந்தது. அவள் எடுத்தாள். நீளமானதால் குனிய வேண்டியிருக்கவில்லை. முதல் குத்தில் சிமிட்டி பிளந்தது. நாலாவது குத்தில் செங்கற்கள் கழன்று உருண்டன.

சத்தம் கேட்டு வேலாயுதம் வந்தார். "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"கெட்டது அளவு. அதைச் சரி பண்றேன்."

"இந்த வீட்டுல ஒசந்த அடுப்பு வந்தா, நான் ஒரு பருக்கை தொட மாட்டேன்."

"மச்சான் இஷ்டம். உலையில அரிசி போடுறதுக்கு முந்தியே சொல்லிட்டீங்க, நல்லது. மிஞ்சாது."

பக்கிரிசாமி இருமலால் சிரிப்பை மறைத்துக்கொண்டார். சபாபதி அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்தார். அண்ணன் முகத்தையும் மனைவியின் கையிலிருந்த கடப்பாரையையும் பார்த்தார். அண்ணன், "கேளுடா இவளை" என்றார். சபாபதி கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து, உருண்ட செங்கற்களில் ஒட்டியிருந்த ஈரக் கலவையைச் சுரண்டி, மறுபடி கட்டுவதற்கு வாகாக ஒவ்வொன்றாய் அடுக்கினார். இதைத் துணிவு என்று எழுத மனம் வரவில்லை. பத்தொன்பது வருடம் தாமதமாக வந்த ஒரு சிறு வேலை. ஆனால் அது வேலை.

"அக்கா, எம்புட்டு ஒசரம்?" என்றார் பக்கிரிசாமி.

பவுனம்மாள் நிமிர்ந்து நின்று, உள்ளங்கையை இடுப்பில் வைத்தாள். "இம்புட்டு."

அவர் நூலைப் பிடித்து அளந்தார்.

மேடை காய்ந்து பால் பொங்கிய நாளில் வேலாயுதம் வீட்டில் இல்லை. மூன்று வேளையும் அப்துல் மஜீத்தின் கடையில் சாப்பிட்டார். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. பவுனம்மாள் அழைக்கவும் இல்லை, ஆள் அனுப்பவும் இல்லை. இரண்டு பேருக்கு மட்டும் அளந்து உலை வைத்தாள்.

பத்தாம் நாள் மத்தியானம், அவளுக்குப் பங்களா வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை, அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். வயிறு சரியில்லை என்று பொதுவாகச் சொன்னார்.

"மஜீத் பாய் கடையில சமையல்காரரு நின்னுக்கிட்டுத்தானே ஆக்குறாரு? ஒத்துக்கலையோ?" என்றாள் அவள் குசினியிலிருந்து.

கூடத்திலிருந்து, "ரசம் இருந்தா கொஞ்சம் போடு" என்றது குரல்.

"இருக்கு. தட்டை எடுத்துக்கிட்டு இங்க வாங்க மச்சான். குனிஞ்சு பரிமாற முடியாது."

நாற்பது பேரை ஒரு சொல்லில் நிறுத்தியும் நடத்தியும் பழகியவர் கூடத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. கடைசியில் தட்டு நகரும் ஓசை கேட்டது. வாசற்படியில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டை நீட்டினார்.

அவள் அடுப்பின் முன் நின்றபடியே சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றினாள்.