முணுமுணுக்காமல் தின்ற முட்டைக்கோஸ்

என் கணவர் பெங் ஷூலியாங் சீனாவின் செங்டு நகரத்தில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். கொழுப்பு மிதக்காத குழம்பைக் குழம்பென்றே ஒப்புக்கொள்ளாதவர். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, பன்றிக்கறியை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவித்த முட்டைக்கோஸை முணுமுணுக்காமல் தின்றார். அதுதான் எனக்கு உறுத்தியது.

நான் சமையலுக்கு எடுத்ததைவிட அதிகமாகவே சாடியில் எண்ணெய் குறைந்துகொண்டு வந்தது. கேட்டதற்கு, "எலி குடிச்சிருக்கும்" என்றார். மூடியைத் திருகத் தெரிந்த எலி!

ஒருநாள் காலை, நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவரைப் பின்தொடர்ந்தேன். பூங்கா வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தார். கோட்டுப் பையிலிருந்து இருமல் மருந்துக் குப்பி ஒன்றை எடுத்துச் சமையல்காரரிடம் நீட்டினார்.

"யோவ், என்னய்யா அது?" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

திடுக்கிட்டார். ஆனாலும் நீட்டிய கையை மடக்கவில்லை.

"நம்ம வீட்டு எண்ணெய்தான். கடை எண்ணெயை நம்பாதேன்னு தினமும் நீதானே கத்துற? அதான் கறியை இதுல வறுக்கச் சொல்றேன். உன் பேச்சை நான் என்னைக்குடி தட்டியிருக்கேன்?"